எட்டரை மணிப் போர்வை

சங்குக் கம்பெனியின் வேன் வாய்க்காலில் கவிழ்ந்து இறந்துபோன ஒன்பது பெண்களும் நாற்பத்தோராம் நாள் காலை எட்டரை மணிக்கு மறுபடியும் வேலைக்குப் போனார்கள். ஒருத்திகூடத் தாமதமாகப் போகவில்லை. வாசலில் இருந்த முகம் பார்க்கும் மிஷின் ஒன்பது முறையும் பச்சை விளக்கைக் காட்டி நன்றி சொன்னது.

அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைவிட, போர்வையை எதற்குத் தைத்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் யோசனை என்னுடையது. பனியன் தொழிலில் முப்பத்தெட்டு வருடம் கொடி பிடித்தவன் நான். பள்ளியில் படித்தது ஐந்து வகுப்பு, பாக்கியை எல்லாம் துண்டறிக்கையில் படித்தேன். பதினொரு முறை கைதானவன், ஒரு முறைகூட எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வராதவன். இறந்தவர்களின் படத்தைப் போட்டுக் கம்பெனி வாசலில் பிளக்ஸ் வைக்க அனுமதி கேட்டேன். காவல் நிலைய பெஞ்சில் மூன்று நாள் உட்கார வைத்துவிட்டு இல்லை என்றார்கள். துணியில் எழுதிக் கட்டலாமா என்றேன், அதுவும் பேனர்தான் என்றார்கள். வெளியே வந்தேன். கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே, பாலம் சுற்றி வேனில் போக வேண்டிய வாய்க்காலின் மறுகரையில், எங்கள் அணைமேட்டுக் காலனியின் கொடிக்கயிறுகளில் பாவாடையும் பனியனும் போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. போர்வை காயப்போட இந்த நாட்டில் எந்த ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும்?

ஜெபசெல்வியின் வீட்டில் பிரிண்டர் இருந்தது. சட்டையின் கழுத்தில் ஒட்டும் லேபிளுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து அடுக்குகிற பெண் அவள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் நான்கு எழுத்துக் கட்டைகள் விழுந்துவிட்டன; விழுந்த இடங்களில் விரலால் குத்தியே வேலை செய்வாள். கவிழ்ந்த அன்று தலைவலி என்று வேனை விட்டவளும் அவள்தான். அதற்காக அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனாலேயே அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. போர்வை என்றதும் உடனே சம்மதித்தாள். திரையில் ஒன்பது கட்டம் போட்டாள், கட்டத்துக்கு ஒருத்தி, நடுவில் பனியன் வெட்டுத்துணியில் சிவப்புக் கரை. ஆனால் பிரிண்டர் துணியைத் தின்ன மறுத்தது.

"தோழர், மூணாவது தடவையும் சுருட்டிட்டு. இனி ஒரு தடவை சிக்குனா ரோலர் போயிரும்."

"தாள்ல ஒட்டிக் குடு."

"எதை வச்சு ஒட்ட?"

"மைதா மாவை வச்சு. முப்பத்தெட்டு வருசம் இந்த ஊர்ச் சுவருக்கெல்லாம் சோறூட்டுனவன் சொல்றேன், நாலு ஓரத்துல மட்டும் தடவு, கை சுடச்சுட இஸ்திரி போடு, அப்புறம் உள்ள விடு."

"போஸ்டர் ஒட்டுற பசைய பிரிண்டருக்குள்ள விடச் சொல்லுத ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். வேன் விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தாளோடு ஒட்டிய வெள்ளைத் துணி முனகிக்கொண்டே உள்ளே போய், மறுபக்கம் முகத்தோடு வந்தது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் இருளாயி சாயத்தை நிற்கவைக்கிற மருந்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து முகங்களை நனைத்து நிழலில் உலர்த்தினாள். அவளுடைய மகள் அழகுராணி முதல் வரிசையில் நடுக்கட்டம்.

நாங்கள் செய்த தவறு படத்தில்தான். எங்கள் ஆட்களிடம் முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுதான் இருக்கும், அது கம்பெனி அடையாள அட்டை. நீலத் திரை, நேரான பார்வை, மூடிய வாய், தாடைக்குக் கீழே கறுப்பில் அச்சான எண். ஜெபசெல்வி எண்ணை வெட்டிப் பார்த்தாள், தாடையும் சேர்ந்து போனது. "எண் இருக்கட்டும், யாரு என்னன்னு அடையாளம் தெரியும்ல" என்றேன். எண்ணோடு அச்சடித்தோம், எண்ணோடு தைத்தோம், எண்ணோடு வாசலைப் பார்க்கத் தொங்கவிட்டோம். மறுநாள் காலை எட்டரைக்குச் சங்கு ஊதியதும் ஒன்பது கட்டங்களிலிருந்தும் முகங்கள் எழுந்து போயின. நீலத் திரையும் எண்ணும் மட்டும் கயிற்றில் ஆடின.

காலனியில் யாரும் கூச்சல் போடவில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஷிப்டுக்குப் போவது இங்கே எல்லோரும் தினமும் பார்ப்பதுதான். மாலையில் ஷிப்ட் முடிந்து அவர்கள் திரும்பி வந்து கட்டத்தில் அமர்ந்தபோது தலைமுடியில் பஞ்சுத்தூசி இருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பெண்கள் பேசத் தொடங்கினார்கள், அதுவும் எல்லா நாளும் பேசுகிற பேச்சு. ஓவர்டைம் பிடித்திருக்கிறான், சனிக்கிழமையும் விடவில்லை, பார் இவளுக்கு எப்படி வேர்த்திருக்கிறது, மேலே ஃபேன் இல்லாத லைனில் போட்டிருப்பான். ஒரு வாரத்தில் அதற்கென்று பழக்கங்கள் வந்துவிட்டன. மழை வந்தால் சொந்தத் துணியை எடுக்கும் முன் போர்வையை எடுத்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் காலியான நீலக் கட்டங்களைப் பார்த்து மணி சொன்னார்கள். திரும்பி வருகிற நேரத்துக்கு யாராவது ஒருத்தி போர்வைக்குக் கீழே ஒன்பது டம்ளர் டீ வைப்பாள், காலையில் டம்ளர்களின் அடியில் சர்க்கரை மட்டும் இருக்கும்.

கம்பெனியும் அதே மாதிரிதான் பழகிக்கொண்டது. ஆள் தெரியாத ஒன்பது தையல் மிஷின்கள் ஓடின, ஸ்டூலின் மேலிருந்த பஞ்சுத் திண்டில் குழி விழுந்தது, தையல் நேராக இருந்தது. முதல் நாள் சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். இரண்டாம் நாள் மைக்கில், "ஏனுங் அழகுராணி, நேத்து நூத்திப் பத்துப் பீஸ், இன்னிக்கு என்னங் தூக்கமா?" என்று கேட்டானாம். சம்பளம் கேட்காத, கக்கூஸ் போகாத ஒன்பது பேரை எந்த முதலாளி வேண்டாம் என்பான்? உயிரோடு இருக்கிற பெண்களைத்தான் அந்த வாசல் மிஷின் பாடாய்ப் படுத்தியது. காய்ச்சலில் கன்னம் ஒட்டியவளை யார் என்று கேட்டது, மூக்குத்தி மாற்றியவளைத் திருப்பி அனுப்பியது. இறந்தவர்களை மட்டும் ஒரு நொடியில் உள்ளே விட்டது. அவர்கள் அட்டையில் இருந்தபடியே வந்தார்கள், அந்த முகத்தைத்தான் அது படித்திருந்தது.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். விபத்துக்குக் கம்பெனி ஒரே பதில்தான் சொன்னது: வாசலில் முகம் பதியாதவர் அன்றைக்கு எங்கள் தொழிலாளி அல்ல, வேன் யாரோ ஒருவருடைய வேன். அதற்கு அவர்கள் காட்டிய தாளில் என் கையெழுத்து இருந்தது. மூன்று வருடம் முன்பு இருபத்தாறு நாள் வேலைநிறுத்தம் நடத்தி மாலை நேர டீக்குப் பத்து நிமிடம் வாங்கினேன். அந்த ஒப்பந்தத்தின் ஏழாவது வரியில் வேலை நேரம் வாசலில் முகம் பதிவதிலிருந்து தொடங்கும் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுத்தான் போட்டேன். வேன் கவிழும் என்று எந்தத் துண்டறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே வக்கீலிடம் போனேன். இரண்டு வருடத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. "செத்தவங்க நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு வரி கிடையாது, அண்ணாச்சி" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே. நிரந்தரம் ஆகிவிட்டால் வேனில் போனதும் வேலைதான் என்று வாதாட ஒரு நூல் கிடைக்கும், என் ஏழாவது வரி அறுந்து விழும். அன்றிலிருந்து காலையில் எட்டரைக்குப் போர்வை முன் நின்று எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, ஐம்பது, நூறு. முகங்கள் போவதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முகங்கள் வெளுத்துக்கொண்டிருந்ததை முதலில் சொன்னவள் இருளாயி. மருந்தில் நனைத்த சாயமானாலும் தினமும் பத்து மணி நேரம் வேர்த்தால் எது நிற்கும்? நூற்றிருபதாவது நாளில் புருவங்கள் போயின. நூற்று ஐம்பதில் மூக்கின் ஓரம் துணியோடு துணியானது; மிச்சம் இருந்தது அட்டையில் இருந்தபடியே இருந்ததால் மிஷின் பச்சையே காட்டியது. ஜெபசெல்வி அதே அட்டைப் படத்தை மறுபடி அச்சடித்துத் தைத்தாள். எட்டரைக்கு அந்தப் புதுமுகம் அசையாமல் நின்றது, வெளுத்த முகம்தான் தையலுக்கு அடியிலிருந்து எழுந்து போனது, மாலையில் வந்து புதுமுகத்தின் மேலே அதே வெளுப்போடு அமர்ந்தது.

"தலைவரே, எம்புள்ளைய நிறுத்திக் குடுங்க" என்றாள் இருளாயி.

"இன்னும் முன்னூறு நாள்தான், இருளாயி."

"முன்னூறு நாள்ல அங்க என்ன இருக்கும்? வெறும் துணிதான் நிரந்தரமாகும்."

"கேஸ் ஜெயிக்க வேணாமா? பொழுதன்னைக்கும் எனக்கா கத்துறேன்?"

"உங்களுக்குத்தான் கத்துறீக" என்றாள் அவள். கோபம் இல்லாமல், உப்பு கூடிவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "ஒரு கையெழுத்தப் போட்டுட்டீக. அத அழிக்க எம்மக மூஞ்சிய ரப்பராத் தேய்க்கிறீக. உசுரோட இருக்கையில ஒரு நா லீவு குடுத்தானா அவன்? இப்ப நீங்களும் குடுக்க மாட்டேங்கிறீக. வேற படம் ஒண்ணு இருந்தா நான் உங்ககிட்ட ஏன் வந்து நிக்கேன்? வேற மாதிரி மூஞ்சியா இருந்தா அந்த மிஷினு உள்ள விடாதுன்னு செல்வி சொல்றா. எங்கிட்டப் படம் இல்ல. ஊர்ல எடுத்தது எல்லாம் மழைவெள்ளத்துல போச்சு."

என்னிடம் இருந்தது.

டீக்காக நடந்த அந்த வேலைநிறுத்தத்தின் கடைசி நாள். பத்து நிமிடம் கிடைத்தது என்று நான் அறிவித்ததும், பெண்களுக்கு டீயும் பன்னும் கொடுத்தோம். துண்டறிக்கைக்காகப் படம் எடுத்தவன் அழகுராணியையும் எடுத்தான். வாய் நிறைய பன், ஒரு கன்னம் உப்பி, கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். போராட்டத்துக்கு ஆகாத படம் என்று ஒதுக்கினேன். தொழிலாளி வர்க்கம் பன்னை மென்றுகொண்டு சிரிப்பதாக எந்தத் துண்டறிக்கையில் போடுவது? என் தகரப் பெட்டியில் பழைய ரசீது புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. அந்தப் படத்தை மறைத்தேன். இதற்கு வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முன்னூறு நாள்தானே என்று நினைத்தேன், ஒரு ஆள் குறைந்தால் வழக்கு குறையும் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருடம் வேலைக்குப் போகாதே என்று ஊருக்குச் சொன்னவன், செத்துப்போனவர்கள் வேலைக்குப் போகட்டும் என்று பெட்டியைப் பூட்டினேன்.

நூற்றுத் தொண்ணூற்றேழாவது நாள் மாலை அழகுராணி வாய் இல்லாமல் வந்தாள். கண் இருந்தது, நெற்றி இருந்தது, கீழே எண் மையாய்க் கறுத்து இருந்தது, நடுவில் வெள்ளைத் துணி. இருளாயி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு போர்வைக்கு முன் நின்றாள். உதடு இருந்த இடத்தில் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள். டீ துணியில் வழிந்து, எண்ணின் மேல் ஓடி, கரையில் சொட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது முழக்கம் சொல்லித் தப்பித்திருப்பேன். முந்தானையால் மகளின் கட்டத்தைத் துடைத்துக்கொண்டே, "சூடா இருக்குன்னு சொல்லக்கூட வாயில்லையேடி" என்றாள்.

அந்த நிமிடமே வீட்டுக்கு நடந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ஜெபசெல்வி படத்தைத் திரையில் பெரிதாக்கிவிட்டுப் பன் உப்பிய கன்னத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "இது எத்தன நாளா உங்ககிட்ட இருக்கு, தோழர்?" என்றாள். சொன்னேன். "யக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். இருளாயி கேட்டுக்கொண்டாள். அவள் அடித்திருக்கலாம். "பசையக் காய்ச்சுங்க" என்றாள், அவ்வளவுதான். இப்போது அவள் என்னைத் தலைவரே என்று கூப்பிடுவதில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

புதிய துணியைப் பழையதன் மேல் வைத்துத் தைத்தாள். மறுநாள் எட்டரைக்குச் சங்கு ஊதியது. எட்டு முகங்கள் எழுந்து போயின. அழகுராணி இந்த முறை அடியிலிருந்த வெளுத்த முகத்தோடு எழவில்லை, புதுமுகத்தோடு எழுந்து வாசல்வரை போனாள். பன் உப்பிய கன்னத்தையும் மூடிய கண்ணையும் மிஷின் பார்த்தது, யார் என்று கேட்டது, மறுபடி கேட்டது, சிவப்பு விளக்கைக் காட்டித் திருப்பி அனுப்பியது. அவள் திரும்பி வந்து, கொடிக்கயிற்றில், காலை வெயிலில், வாயில் இருந்ததை மென்றபடி இருந்தாள். அவள் மெல்வதை அன்று காலனி முழுதும் நின்று பார்த்தது. "பன்ன முழுங்கவே மாட்டா போலருக்கு" என்று எவளோ சொன்னாள். இருளாயி சிரித்தாள், சிரித்தபடியே சுவரோரம் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் கெட்டுப்போன படங்களைத் தேடத் தொடங்கினார்கள். கல்யாண ஆல்பத்துக்கு வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரன் தள்ளிய படம், தும்முகிறவள், தலையைத் திருப்பிக்கொண்டவள், காற்றில் முந்தானை முகத்தை மறைத்தவள், ராட்டினத்தில் கத்துகிறவள், பாதி முகம் வெளியே போனவள். ஒரு புருஷன் குப்பையில் போட்ட பழைய போனைத் தேடி ஊர்க் குப்பைமேட்டில் இரண்டு நாள் கிளறினான்; கிடைத்தது, அதில் அவன் பெண்டாட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். ஜெபசெல்வியின் பிரிண்டர் மாவு வாசத்தோடு முனகிக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் எட்டுக் கட்டங்களும் எட்டரைக்கு அசையாமல் இருந்தன. என் எண்ணிக்கை போயிற்று. நானூற்றெண்பது போயிற்று. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்கு மூன்றாவது வாரம் தபால்காரர் எட்டுப் பதிவுத் தபால் கொண்டுவந்தார். வராதவர்களுக்குக் கம்பெனிக் கம்ப்யூட்டர் தானாகவே அனுப்புகிற விளக்கம் கேட்கும் நோட்டீஸ். அழகுராணிக்கு வந்ததை இருளாயி என் மடியில் போட்டாள், கம்பெனித் தாள்களைப் படித்துச் சொல்பவன் நான்தான் என்பதால். கம்ப்யூட்டருக்கு வெட்கம் கிடையாது, கூட்டிக் குறைத்துச் சொல்லவும் தெரியாது. அவள் எந்தெந்த நாள் வரவில்லை என்று முதல் நாளிலிருந்து தேடி எடுத்து வரிசையாக அடித்திருந்தது. வரிசையில் முதல் தேதி வேன் கவிழ்ந்த தேதி. மேலே கம்பெனி முத்திரை, கீழே அதிகாரியின் கையெழுத்து, நடுவில் இப்படி: எங்கள் நிறுவனத்தின் தொழிலாளியான தாங்கள் மேற்கண்ட நாட்களில் முன் அனுமதியின்றிப் பணிக்கு வராததற்குக் காரணம் கூறவும்.

எங்கள் நிறுவனத்தின் தொழிலாளியான தாங்கள். அந்த நான்கு சொல்லைத் தேடி நான் எத்தனை படி ஏறினேன். நூற்றுத் தொண்ணூற்றேழு நாள் வேலை செய்து அவர்களால் வாங்க முடியாததை, வேலைக்குப் போகாமல் கயிற்றில் கிடந்து வாங்கிவிட்டார்கள். கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. எட்டுப் பேர் வழக்கு இப்போது நடக்கிறது. ஏழாவது வரியை எதிர்த்தரப்பு படிக்கும்போதெல்லாம் எங்கள் வக்கீல் நோட்டீஸைப் படிக்கிறார்.

எட்டுப் பேர் என்றேன். மிச்சமிருந்த ஒரு கட்டம் சஞ்சுலதாவுடையது. ஒடிசாவிலிருந்து ஏஜெண்டு கூட்டிவந்த பெண், கம்பெனி விடுதியில் இருந்தவள், தமிழில் போதும், வலிக்குது, பஸ் என்ற மூன்று சொல் தெரிந்தவள். அவளைக் கூட்டிவந்த ஏஜெண்டு கவிழ்ந்த அன்றே போனை அணைத்தான். அட்டையில் ஊர் முகவரி என்ற இடத்தில் விடுதி முகவரியே இருக்கிறது. அட்டைப் படத்தைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு படம் இல்லை. நோட்டீஸ் வந்த அதே நாளில் விடுதி முகவரிக்கு அவளுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது, அங்கே வாங்க ஆள் இல்லாமல் காலனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கடந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்கு எவர்சில்வர் டிபன் டப்பா, மூடியில் அவள் எண்.

டப்பாவை இருளாயி போர்வைக்குக் கீழே வைத்திருக்கிறாள், தினமும் அதில் கொஞ்சம் சோறு போடுகிறாள். நான் தெருத் தெருவாகப் போகிறேன். சங்குக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள், அவர்களின் வீடுகள், போன்கள். நல்ல படங்கள் வேண்டாம் என்கிறேன். ஆடிப்போனது, மங்கியது, அழிக்க மறந்தது, உங்கள் முகத்துக்குப் பின்னால் தெரியாமல் யாராவது நின்றிருந்தால் அது. என்னுடைய தகரப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பெண்கள் முஷ்டியை உயர்த்தி நேராகப் பார்க்கிறார்கள். மற்ற ஆகாதவற்றை எல்லாம் நான்தான் கிழித்துப் போட்டேன்.

காலையில் எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொடிக்கயிற்றுக்கு வந்துவிடுகிறேன். சஞ்சுலதாவின் கட்டத்தில் இப்போது ஒரு கண்ணும் எண்ணும்தான் மீதி. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன், பக்கத்துக் கட்டத்தில் அழகுராணி கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறாள். சங்கு ஊதுகிறது. கைக்குக் கீழே துணி சூடாகி மெதுவாக அசைகிறது. அவள், பஸ்ஸில் வழிவிடாமல் நிற்கிற பெரியவரை ஒதுக்குவதைப் போல, என் விரல்களை ஒவ்வொன்றாக மரியாதையாக விலக்கிவிட்டு வேலைக்குப் போகிறாள்.